விளம்பரத்திலும் வேலையிலும் இடம்: நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளும்

ஒரு வாணிக நிறுவனம் பொதுமக்களை நோக்கித் திறந்து வைத்திருக்கும் வாயில்கள் இரண்டு. ஒன்று விளம்பரம், மற்றொன்று ஆட்சேர்ப்பு. தன் பொருளை வாங்குவோர் யாவர் என்று அந்நிறுவனம் கருதுவதை விளம்பரம் காட்டுகின்றது. அப்பொருளை ஆக்கவல்லார் யாவர் என்று கருதுவதை ஆட்சேர்ப்புக் காட்டுகின்றது. இவ்விரு வாயில்களிலும் உடற்குறையுடையோர் நெடுங்காலம் காணப்படவில்லை. அண்மைக் காலத்தில் முதல் வாயிலில் அவர்தம் முகம் தென்படத் தொடங்கியுள்ளது. இரண்டாம் வாயிலில் அவர்கள் அடியெடுத்து வைப்பது இன்னும் அரிதாகவே இருக்கின்றது. இவ்விடைவெளி எதனால் ஏற்பட்டது, சட்டம் யாது கூறுகின்றது, மலேசியாவிலும் பிற நாடுகளிலும் நடைபெற்ற முயற்சிகள் யாவை, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இதில் உள்ள பங்கு யாது என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்து ஆட்சேர்ப்பு

நெகிரி செம்பிலான் தமிழர்க்கு ஆட்சேர்ப்பு என்பது புதிய செய்தி அன்று. இன்று சிரம்பான் நகரோடு ஒட்டிவிட்ட தெமியாங்கிலும், லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி முதலான தோட்டப்புறங்களிலும் வாழ்வோரின் முன்னோர் பலர் இந்நாட்டுக்கு வந்ததே ஆட்சேர்ப்பின் வழியாகத்தான். 1907ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையைக் கொண்டு குடியேற்ற நிதியொன்று அமைக்கப்பட்டது. கங்காணிகள் உரிமம் பெற்றுத் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தனர். சேர்க்கப்பட்டோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் வைத்துச் சோதிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். உழைக்க ஏற்ற உடலன்று எனக் கருதப்பட்டவர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இம்முறையில் மற்றொன்றும் கருதத்தக்கது. தன் ஆட்களுள் எத்தனை பேர் காலையில் பிரட்டுக்கு வந்து வேலைக்குச் சென்றனரோ, அத்தனை தலைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆதலின் தளர்ந்த உடலுடையவன் கங்காணிக்கு இழப்பாகவே தோன்றினான். ஒருவன் எவ்வேலையைச் செய்யவல்லான் என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை. நிறைந்த உடலா, குறைந்த உடலா என்ற ஒரு கேள்வியே இருந்தது. இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தபோது அந்த ஆட்சேர்ப்பு முடிவுற்றது. ஆனால் அந்தக் கேள்வி முடிவுறவில்லை. இன்று செனாவாங், நீலாய் முதலிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும்போதும் அதே கேள்வி வேறு சொற்களில் எழுகின்றது.

தோட்டத்தில் காயமுற்றோர்க்கு ஈடு வழங்க வேண்டும் என்ற கொள்கை 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் பெற்றது. பின்னர் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சொக்சோ அமைந்தது. இவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. எனினும் இழந்த கைக்குப் பணம் கொடுப்பது ஒன்று. எஞ்சிய கையைக் கொண்டு செய்யத்தக்க வேலையைக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதை நோக்கமாகக் கொண்ட 'மீண்டும் பணிக்கு' என்னும் திட்டத்தைச் சொக்சோ 2007ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. முதற் கருத்துக்கும் இரண்டாங் கருத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றுவிட்டது.

பெயரில் ஏற்பட்ட மாற்றம்

தமிழாசிரியர்கள் இச்செய்தியைச் சொல்லின் வழியாகவும் அணுகலாம். புறநானூற்றின் 28ஆம் பாடல் பிறவிக் குறைகளை எட்டாக வகுத்து, அவற்றை 'எச்சம்' என்னும் சொல்லால் குறிக்கின்றது. அத்தகைய பிறப்புப் பயனற்றது என்பது அக்காலத்தார் கருத்தாக அதில் காணப்படுகின்றது. திருவள்ளுவரோ ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 618ஆம் குறளில் வேறு நெறியைக் காட்டுகின்றார். பொறியின்மை எவருக்கும் பழியாகாது, அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், ஒருவன் கேளாமல் வந்ததற்கு அவனைப் பழித்தல் தகாது என்பது பெறப்படும்.

பிற்காலத்தில் அங்கவீனர், ஊனமுற்றோர் என்ற சொற்கள் வழங்கின. சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோர் என்றும், மலேசியாவில் உடற்பேறு குறைந்தோர் என்றும் எழுதும் வழக்கம் உண்டு. தமிழகத்தில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்குக்கு வந்தது; 2010ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித்துறையும் அமைந்தது. மலாய் மொழியிலும் 'ஓராங் சாசாட்' என்ற பழைய வழக்கு நீங்கி, 'ஓராங் குராங் உப்பாயா' என்பது நிலைபெற்றது. பெயரை மாற்றியதனாலேயே நிலை மாறிவிடாது. ஆயினும் 'குறை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆள் தேடுபவர் குறையையே காண்பார். 'திறன்' என்ற சொல் வேறொன்றையும் தேடச் செய்யும். வேலை அறிவிப்பு எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

குறை எங்கே இருக்கின்றது?

மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்பதை வரையறுக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. உடலிலோ மனத்திலோ அறிவிலோ புலன்களிலோ நீண்டகாலக் குறைபாடுடையராய், பல்வேறு தடைகளோடு அக்குறைபாடு சேரும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கு கொள்ள இயலாதுபோகக் கூடியவர் என்று அது கூறுகின்றது. எனவே குறைபாடு ஒருபாதி, தடை மறுபாதி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இயலாமை பிறக்கின்றது.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். சக்கர நாற்காலியில் வரும் கணக்கர் ஒருவர் அலுவலகத்தின் முன் உள்ள மூன்று படிகளால் தடைப்பட்டு நிற்கின்றார். அவருடைய கால் கணக்கெழுதுவதைத் தடுக்கவில்லை, படிகளே தடுக்கின்றன. படிகளின் பக்கத்தில் சாய்வான பாதை ஒன்று அமைத்துவிட்டால், கால்கள் முன்போலவே இருக்க, அவ்வலுவலகத்தைப் பொறுத்தவரை அவருடைய இயலாமை மறைந்துவிடுகின்றது. மாற்றவேண்டியது மனிதரை மட்டுமன்று, இடத்தையும் என்பதே இவ்வரையறையின் உட்பொருள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஏறத்தாழ 130 கோடி மக்கள், அஃதாவது 100க்கு 16 பேர், குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கின்றனர். மலேசியாவில் சமூகநல இலாகாவில் பதிவு செய்துகொண்டோர் தொகை 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆறு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இது நாட்டு மக்களில் 100க்கு இரண்டு பேர் என்ற அளவினும் குறைவு. இரண்டு கணக்குகளும் ஒரே அளவுகோலால் எடுக்கப்பட்டவை அல்ல. எனினும் பதிவேட்டில் இடம்பெறாதவர் மிகப் பலர் என்பது இதனால் புலனாகும். பதிவு தன்விருப்பத்தைச் சார்ந்தது. குழந்தையின் குறையை ஊர் அறியாமல் மறைக்க விரும்பும் பெற்றோர் பதிவை நாடுவதில்லை.

சட்டம் கூறுவதும் கூறாததும்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006ஆம் ஆண்டு டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. இந்தியா அதனை 2007ஆம் ஆண்டிலும், மலேசியா 2010ஆம் ஆண்டிலும் உறுதி செய்தன. அவ்வொப்பந்தத்தின் 27ஆம் பிரிவு வேலை பெறும் உரிமையைப் பற்றியது. 8ஆம் பிரிவு பொதுமக்கள் மனத்தில் உள்ள தவறான எண்ணங்களைக் களைவது பற்றியது. செய்தித்துறை மாற்றுத்திறனாளிகளை மதிப்போடு காட்ட வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆட்சேர்ப்பும் அவர்களைப் பற்றிய சித்திரிப்பும் ஓர் ஒப்பந்தத்தின் இரு பிரிவுகளாக அமைந்திருத்தல் கருதத்தக்கது.

மலேசியச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வேலைவாய்ப்பில் சமவாய்ப்பையும், ஒத்த மதிப்புடைய வேலைக்கு ஒத்த ஊதியத்தையும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியனவாகக் கூறுகின்றது. அவர்தம் திறனை முறையாக மதிப்பிட்டு, ஏற்ற இடமளித்து, நிலையான வேலை தருவதற்கு முதலாளி தம் சமூகப் பொறுப்பாகக் கருதி முயல வேண்டும் என்றும் கூறுகின்றது. 'முயல வேண்டும்' என்ற சொல்லில்தான் சட்டத்தின் மென்மை இருக்கின்றது. முயலாத முதலாளிக்குத் தண்டனை எதனையும் அச்சட்டம் விதிக்கவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சமயம், இனம், வமிசாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காட்டி வேற்றுமை பாராட்டலாகாது என்று பட்டியலிடுகின்றது; அப்பட்டியலில் உடற்குறை இடம்பெறவில்லை.

அரசுத் துறையில் 100க்கு ஒரு வேலை மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. முப்பதாண்டுகள் கடந்த பின்னும் அந்த அளவு எட்டப்படவில்லை. தனியார் துறைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை, ஊக்கமே உண்டு. மாற்றுத்திறனாளித் தொழிலாளர்க்கு வழங்கும் ஊதியத்தை வருமான வரிக் கணக்கில் இருமடங்காகக் கழித்துக்கொள்ள 1982ஆம் ஆண்டின் விதிகள் இடந்தருகின்றன. இச்சலுகை தங்களுக்கு உண்டு என்பதை அறியாத சிறு முதலாளிகளும் இருக்கக்கூடும்.

பிற நாடுகளின் வழிகள் வேறுபடுகின்றன. ஜெர்மனியில் 20 பேருக்குக் குறையாமல் வேலை தரும் முதலாளி, 100க்கு ஐந்து இடங்களைக் கடுமையான குறைபாடுடையோர்க்கு அளிக்க வேண்டும். இல்லையேல் கட்டணம் செலுத்த வேண்டும். ஜப்பானில் 1976ஆம் ஆண்டு முதல் ஒதுக்கீடு கட்டாயமாயிற்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் அளவு 100க்கு 2.5 என உயர்த்தப்பட்டது. அளவை எட்டாத நிறுவனங்கள் கட்டும் பணம், அளவைக் கடந்த நிறுவனங்களுக்கு உதவித்தொகையாகச் செல்கின்றது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் 100க்கு நான்கு இடங்களை ஒதுக்கியது. தனியார் நிறுவனங்கள் 100க்கு ஐந்து பேரையேனும் அமர்த்துவதற்கு ஊக்கம் அளிக்க வேண்டும் எனவும் கூறியது.

அறிவிப்பில் மறைந்திருக்கும் தடைகள்

மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்க வேண்டா என்று எந்த நிறுவனமும் எழுதுவதில்லை. ஆயினும் பல வேலை அறிவிப்புகள் அதனையே வேறு வழியில் கூறிவிடுகின்றன. அலுவலகத்தில் அமர்ந்து கணினியில் பதிவு செய்யும் வேலைக்கு மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டும் என எழுதப்படுகின்றது; கால் வலுவற்றவர் அங்கேயே நின்றுவிடுகின்றார். தொலைபேசியில் மட்டும் தொடர்புகொள்க என எழுதினால், காது கேளாதவர் விலக்கப்படுகின்றார். முழு அறிவிப்பையும் படமாக வெளியிட்டால், திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதனைப் படிக்க இயலாது; பார்வையற்றவர்க்கு அந்த வேலை இருந்ததே தெரியாமற் போகின்றது. 'கவர்ச்சியான தோற்றம்', 'சுறுசுறுப்பான நடை' என்பன போன்ற தொடர்கள் வேலைக்குத் தேவையான எதனையும் குறிப்பன அல்ல. விலக்குவதற்கு மட்டுமே பயன்படுவன.

இவற்றைக் களைவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வேலைக்கு இன்றியமையாத தகுதி எது, பழக்கத்தால் எழுதப்படுவது எது என்று பிரித்தறிதல் வேண்டும். தொலைபேசி எண்ணோடு குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் வழி தருதல் வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு வருவோர் தமக்கு வேண்டிய உதவியை முன்னரே தெரிவிக்கலாம் என ஒருவரி சேர்த்தல் வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளரோ, படியில்லாத அறையோ, எழுதுவதற்குக் கூடுதல் நேரமோ வேண்டும் என்று விண்ணப்பதாரர் கேட்கத் துணிவது, அவ்வாறு கேட்கலாம் என்று நிறுவனம் முதலில் சொன்னால்தான். இவ்வாறு தேவைக்கேற்ப ஒழுங்கு செய்து தருவதையே ஒப்பந்தம் நியாயமான வசதி செய்தல் என வழங்குகின்றது. முதலாளிக்குத் தாங்கவொண்ணாச் சுமையாகும் அளவுக்கு அது செல்ல வேண்டியதில்லை என்பதும் அவ்வொப்பந்தத்தின் கருத்தே.

வேலையைப் பகுத்துக் காணுதல்

ஒரு குறைக்கு ஒரு வேலை என்று கட்டிவைப்பது பழைய வழக்கம். பிரிட்டன் 1944ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், 20 பேருக்குக் குறையாமல் வேலை தருவோர் 100க்கு மூன்று உடற்குறையுடையோரை அமர்த்த வேண்டும் என்றது. போரில் உறுப்பிழந்து திரும்பியோர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் அதே சட்டத்தின்கீழ் அவர்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட வேலைகள் இரண்டே: மின்தூக்கியை இயக்குதல், கார் நிறுத்துமிடத்தைக் கவனித்தல். பின்னர் மின்தூக்கிகள் தாமே இயங்கத் தொடங்கியபோது அவ்வேலை மறைந்தது.

இந்நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. மலாயாப் பார்வையற்றோர் சங்கம் 1951ஆம் ஆண்டில் தோன்றியது. தமிழர் மிகுந்து வாழும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் அதன் கர்னி பயிற்சி நிலையம் பார்வையற்றோர்க்குத் தொழில் கற்பித்து வந்தது. கூடை முடைதல், தொலைபேசி இணைப்பகத்தை இயக்குதல் முதலியன அங்குக் கற்பிக்கப்பட்டன. அலுவலகங்களில் தொலைபேசி இணைப்பாளராகப் பார்வையற்றோர் பலர் சிறந்து விளங்கினர். தானியங்கி இணைப்பு வந்ததும் அத்தொழில் சுருங்கியது. குறையைப் பார்த்து வேலையை ஒதுக்கினால், அவ்வேலை மறையும்போது மனிதரும் உடன் மறைவார். ஆளின் திறனைப் பார்த்து வேலையைப் பகுத்தால் அந்நிலை நேராது.

பகுத்தல் என்பது யாது? ஒரு வேலையை அதன் சிறு செயல்களாகப் பிரித்து, எச்செயலுக்கு எப்புலன், எவ்வுறுப்பு வேண்டும் என ஆராய்தலாகும். உணவகத்தில் பணிபுரிவோர் வாடிக்கையாளர் சொல்வதைக் காதால் கேட்டாக வேண்டும் என்றே எல்லாரும் எண்ணினர். 1986ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஜாலான் இம்பியில் கே.எப்.சி. நிறுவனம் செவித்திறன் குறைந்தோர் நடத்தும் உணவகத்தைத் திறந்தது. 2016ஆம் ஆண்டு ஜூலையில் பங்சாரில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம், சைகைமொழியில் இயங்கும் தன் முதற் கடையைத் திறந்தது. அந்நிறுவனத்தின் உலகக் கடைகளுள் அத்தகையது அதுவே முதலாவது. வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதை அட்டையில் குறித்துக் கொடுத்தனர்; எண் திரையில் தோன்றியபோது வந்து பெற்றுக்கொண்டனர். தேவைப்பட்டது செய்தி பரிமாற்றமே, செவி அன்று என்பது இதனால் தெளிவாயிற்று. இரண்டாண்டு கழித்து அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அந்நிறுவனம் இதைப் பின்பற்றி ஒரு கடை திறந்தது.

தமிழகத்தில் ஓசூரில் அமைந்த டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை, தொடக்கக் காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு அமர்த்தி வந்தமைக்காகப் பெயர் பெற்றது. நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் கடிகார வேலைக்குக் கண்ணும் கையும் கவனமும் வேண்டும், காது வேண்டியதில்லை. சென்னையில் ஜெயஸ்ரீ ரவீந்திரன் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய எபிலிட்டி பவுண்டேஷன், வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளையும் நிறுவனங்களையும் ஓரிடத்தில் சந்திக்க வைக்கும் வேலைவாய்ப்பு விழாக்களை நடத்தி வந்துள்ளது. மலேசியாவில் ஜப்பானிய அரசின் ஒத்துழைப்போடு வேலைப் பயிற்றுநர் என்னும் முறை அறிமுகமாயிற்று. அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய ஓர் இளைஞர் வேலையில் சேரும்போது, பயிற்றுநர் சில காலம் உடனிருந்து, வேலையைப் படிப்படியாகக் கற்பித்து, உடன் பணிபுரிவோர்க்கும் பழகும் முறையைச் சொல்லி, மெல்ல மெல்ல விலகிக்கொள்வார். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியர் குழந்தையின் கைபிடித்து எழுதப் பழக்கிப் பின் கையை விடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

விளம்பரத்தின் மூன்று முகங்கள்

இனி விளம்பரத்தை நோக்கலாம். விளம்பரம் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் வகைகள் மூன்று எனலாம். முதலாவது இரக்கத்துக்கு உரியவராகக் காட்டுதல். பிரிட்டனில் கடைவாயில்களில் நன்கொடைப் பெட்டியாக நிறுத்தப்பட்ட, காலில் இரும்புத் தாங்கி அணிந்த சிறுமியின் உருவம் இதற்குத் தக்க சான்று. அப்பெட்டிகளை வைத்த சங்கமே பின்னாளில் அம்முறையைக் கைவிட்டு, 1994ஆம் ஆண்டில் தன் பெயரையும் ஸ்கோப் என மாற்றிக்கொண்டது. காசு சேர்ந்தது உண்மை. ஆனால் அவ்வுருவத்தை நாடோறும் கண்டு வளர்ந்த முதலாளி, அத்தகைய ஒருவர் தம் அலுவலகத்தில் மேலாளராக வரக்கூடும் என எண்ணுவாரா என்பது ஐயமே.

இரண்டாவது வீரராகக் காட்டுதல். 2016ஆம் ஆண்டு ரியோ பாரா ஒலிம்பிக்கில் முகமட் ரிட்சுவான் புஸி, முகமட் ஸியாட் ஸொல்கெப்ளி, அப்துல் லத்திப் ரொம்லி ஆகிய மூவரும் மலேசியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தனர். அதே விளையாட்டில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றார். இவர்களைப் போற்றுதல் முறையே. ஆனால் வீரரை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் ஒரு தீங்கு விளையும். மலையேறியவரும் பதக்கம் வென்றவருமே மதிப்புக்குரியவர், சாதாரண எழுத்தர் வேலை கேட்டு வருபவர் முயற்சியில்லாதவர் என்ற எண்ணம் பரவும். உடற்குறை இல்லாத ஒருவரிடம் வேலை கொடுக்கும்முன் எவரும் பதக்கம் கேட்பதில்லை.

மூன்றாவது இயல்பாகக் காட்டுதல். பால்மாவு வாங்குபவராக, பேருந்துக்குக் காத்திருப்பவராக, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயாகக் காட்டுவது இவ்வகை. 2016ஆம் ஆண்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, மாற்றுத்திறனாளிகளை முதன்மையாகக் கொண்ட விளம்பரத்துக்குப் போட்டி வைத்தது. வென்ற மால்டீசர்ஸ் மிட்டாய் விளம்பரம், தோழியரோடு நகைத்துப் பேசும் சாதாரணப் பெண்களாக அவர்களைக் காட்டியது. அவ்விளம்பரம் வணிகத்திலும் பெருவெற்றி பெற்றது. மக்கள் தங்களைப் போன்ற ஒருவரையே அதில் கண்டனர்.

முகத்தை மட்டும் காட்டி உள்ளே மாறாதிருந்தால் நேர்வது யாது என்பதற்கு ஒரு பொம்மையின் கதை உண்டு. மேட்டல் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் பார்பி பொம்மைக்குத் தோழியாக, சக்கர நாற்காலியில் அமர்ந்த பெக்கி என்ற பொம்மையை வெளியிட்டது. பலரும் பாராட்டினர். ஆனால் அதே நிறுவனம் விற்ற பார்பியின் மாளிகையில் இருந்த மின்தூக்கிக்குள் பெக்கியின் நாற்காலி நுழையவில்லை என்பது விரைவில் வெளியாயிற்று. பொம்மையைச் செய்தவர்கள் வீட்டைப் பற்றி எண்ணவில்லை. விளம்பரத்தில் சக்கர நாற்காலியைக் காட்டி, தம் அலுவலக வாயிலில் படிகளை மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள் செய்வதும் இதுவே.

ஆதலின் விளம்பரமும் ஆட்சேர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்து நிற்க வேண்டியவை. நிறுவனத்துள் மாற்றுத்திறனாளிகள் பணிபுரிந்தால், விளம்பரம் எழுதும் மேசையில் அவர்தம் குரல் ஒலிக்கும். இரக்கமும் மிகையும் குறையும். விளம்பரத்தில் அவர்களை இயல்பாகக் கண்ட இளைஞர், இந்நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற துணிவு பெறுவர். ஒன்றை விடுத்து மற்றொன்றைச் செய்வோர் இரண்டின் பயனையும் இழப்பர்.

தமிழ்ப்பள்ளியின் பங்கு

இவையெல்லாம் நகரத்து நிறுவனங்களின் செய்தி, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தை எதனையும் மறுத்துத் திருப்பி அனுப்பலாகாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. ஆகவே அக்குழந்தைகள் வகுப்பறைக்குள் வந்துவிட்டனர். ஆறாம் ஆண்டு முடிந்து, இடைநிலைப் பள்ளியும் முடிந்த பின் அவர்கள் எங்கே செல்வர் என்பதே இன்றைய கேள்வி. தோட்டம் இருந்த காலத்தில் கடினவேலை செய்ய இயலாதவர்க்கு ஆயாக்கொட்டகையிலோ ஸ்டோரிலோ புல்வெட்டிலோ ஏதேனும் ஓர் இடம் கிடைப்பது உண்டு. ஊதியம் குறைவு, மதிப்பும் குறைவு. ஆனால் காலையில் எழுந்து செல்ல ஓர் இடம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின் அந்த இடமும் போயிற்று. புதிய இடத்தைத் தேடித் தராவிட்டால், பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு கற்ற பிள்ளை வீட்டின் பின்கட்டிலேயே வாழ்நாளைக் கழிக்க நேரும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, பெற்றோரிடம் பேசிச் சமூகநல இலாகாவில் பதிவு செய்வித்தல். கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பல்வகை என அங்கு ஏழு பிரிவுகள் உள்ளன. அட்டையின்றி உதவித்தொகையும் இல்லை, வேலைத் திட்டங்களும் இல்லை. இரண்டாவது, பிள்ளை எதைச் செய்ய இயலாது என்பதோடு எதைச் செய்யவல்லது என்பதையும் பள்ளிப் பதிவில் எழுதி வைத்தல். ஐந்து நிமிடத்தில் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்கும் பிள்ளையின் திறன், ஒரு கிடங்கு மேலாளர்க்குப் பயன்படும் செய்தியாகும். மூன்றாவது, பெற்றோர்க்கும் முன்னாள் மாணவர்க்கும் சொக்சோ நடத்தும் வேலைவாய்ப்பு இணையத்தளத்தைக் காட்டித் தருதல்; அருகிலுள்ள முதலாளிகளைப் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் பிள்ளைகளின் திறனை நேரிற் காணச் செய்தல்.

நான்காவது தமிழாசிரியர்க்கே உரியது. கட்டுரைப் பாடத்திலும் நாடகத்திலும் மாற்றுத்திறனாளி எவ்வாறு வருகின்றார் என்று கவனித்தல் வேண்டும். பிச்சையெடுப்பவராகவோ, பழைய வினையை அனுபவிப்பவராகவோ, கடைசியில் குணமாகிவிடுபவராகவோ மட்டுமே அவர் வந்தால், நாளை மேலாளராகப் போகும் மாணவன் மனத்தில் அந்த உருவமே பதியும். பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேலவைக்குச் சென்று, 2013ஆம் ஆண்டு முதல் மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுத்தார் என்பதை எத்தனை மாணவர் அறிவர்? வேலை விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிற்சி அளிக்கும்போது, தன் குறையை மறைக்காமலும் அதற்காக மன்னிப்புக் கேளாமலும், தனக்கு வேண்டிய வசதியைத் தெளிவாகக் குறிப்பிட்டு எழுதும் கடிதம் ஒன்றையும் கற்பிக்கலாம்.

செனாவாங்கில் நாளை ஒரு நிறுவனம் ஆள் எடுக்கும். விண்ணப்பங்களைப் பார்ப்பவர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவராக இருக்கலாம்; விண்ணப்பித்தவருள் ஒருவர் அதே பள்ளியில் சிறப்பு வகுப்பில் பயின்றவராக இருக்கலாம். இருவரும் சந்திக்கும் அந்த மேசையில் ஒருவர் மற்றவரை எவ்வாறு நோக்குவார் என்பது பெரும்பாலும் பள்ளியிலேயே முடிவாகிவிடுகின்றது. சட்டம் வலுப்பெற வேண்டும் என்று கோருவது ஒருபுறம் நடக்கட்டும். அதற்குக் காத்திராமல் செய்யத்தக்க இப்பணி ஆசிரியர் கையில் உள்ளது.